43 வயசுலயே இவ்ளோ மறதியா? அன்றாட பழக்கத்தால மூளை கெட்டுப்போகுமா?

பன்னெண்டாவது_மாடி (ராத்திரி 1:07)

வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து சத்தம் போடாம படிச்சிட்டு போற ஆளு நான், இன்னிக்குதான் முதல் தடவையா எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்குங்க.

எனக்கு 43 வயசு, சிங்கப்பூர்ல செங்காங்ல இருக்கோம். பெரியவன் உயர்நிலை மூனு, சின்னவளுக்கு இது பிஎஸ்எல்இ வருஷம், அதான் தொடக்கப்பள்ளி முடிக்கிற பரீட்சை. நான் ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், மூனு நாள் ஆபீஸ், ரெண்டு நாள் வீட்லருந்து. விஷயம் என்னன்னா போன சனிக்கிழமை ஃப்ரிட்ஜ் தொடைக்கிறப்ப கீழ் டிராயர்ல கொத்தமல்லி மட்டும் நாலு கட்டு இருக்கு. ஒன்னு கறுத்து தண்ணியா வழியுது, ஒன்னு மஞ்சளா போச்சு, ஒன்னு பாதி வாடியிருக்கு, ஒன்னு முந்தின நாள் வாங்குனது. அதாவது நாலு தடவை தேக்கா மார்க்கெட் போயி நாலு தடவையும் வீட்ல கொத்தமல்லி இல்லன்னு நிச்சயமா நெனச்சு வாங்கியிருக்கேன். சிரிச்சிட்டு விட்டுருப்பேன், ஆனா அதுக்கு முந்தின வாரந்தான் ரசத்த அடுப்புல வச்சிட்டு மீட்டிங்ல போய் உக்காந்துட்டேன், பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் வந்து கதவ தட்டுன பிறகுதான் பாத்தா கிச்சன் பூரா புகை. லிஃப்ட்ல ஏறுனா ஆறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த பழைய வீட்டு மாடி நம்பர அமுக்குறேன். ஆபீஸ்ல பேசிட்டிருக்கப்ப நடுவுல வார்த்தை வர மாட்டேங்குது, "அந்த... அது... அனுப்புவோமே"ன்னு நிக்கிறேன், கடைசியில அது இன்வாய்ஸ். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்ற வார்த்தை.

எங்க அம்மாவோட அம்மாவுக்கு கடைசி காலத்துல டிமென்ஷியா, மறதி நோய். தூக்கி வளத்த என்னையே "நீ யாரு வீட்டுப் பொண்ணு"ன்னு கேட்டாங்க. அதனால பயமா இருக்கு.

என் நாள் எப்படி போகும்னா காலையில 5:45க்கு எந்திரிப்பேன், பசங்க இருட்டோட கெளம்பிடுவாங்க, நான் ஒரு கோப்பி குடிச்சிட்டு வேலை. பகல்ல ரெண்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு கீழ கோப்பிக்கடையில ஒன்னு, ஆக மொத்தம் நாலு. பாத்திரம் கழுவி எல்லாம் முடிக்க 11 ஆகும். அதுக்கப்புறம்தான் எனக்குன்னு நேரம், போன எடுத்துட்டு படுப்பேன், ஒன்னே கால் வரைக்கும் ரீல்ஸ் ஓடும். அந்த நேரத்தையும் விட்டுக் குடுத்தா எனக்குன்னு ஒன்னுமே இல்ல, அதனால அத மட்டும் திட்டாதீங்க.

இப்ப நாத்தனார் குடும்ப குரூப்ல "மூளையை அழிக்கும் 10 பழக்கங்கள்"னு ஒரு ஃபார்வேர்ட் போட்டிருக்காங்க, ஒரு உலக அமைப்பு பேரும் போட்டிருக்கு. காலை சாப்பாடு விடுறது, போர்வைய தலையோட இழுத்து மூடித் தூங்குறது, கம்மியா பேசுறது, இப்படி. எனக்கு பத்துல ஏழு பொருந்துது. இதுல எது நிஜம்? சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துறேன், நேத்து ஒரு பென்சிலுக்காக சின்னவள அப்படி கத்திட்டேன். எம்ஆர்டி ரயில்ல வர்றப்ப காரணமே இல்லாம கண்ணு கலங்குது. இதுவும் மூளை சம்பந்தப்பட்டதா, இல்ல வேறயா?

ராத்திரி_பஸ் (காலை 4:50)

தங்கச்சி, மொதல்ல நீங்க இத எழுதுன நேரத்த பாருங்க. 1:07. அஞ்சே முக்காலுக்கு எந்திரிக்கிறேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பாதி பதில் அங்கயே இருக்கு லா.

நான் 22 வருஷமா பஸ் ஓட்டுறேன், காலை ஷிஃப்ட்னா மூனே முக்காலுக்கு எந்திரிக்கணும். ஒரு காலத்துல ஓவர்டைம் ஓவர்டைம்னு எல்லாத்தையும் வாங்கிப் போட்டுக்குவேன். ஒரு நாள் இன்டர்சேஞ்ச்ல பஸ்ஸ நிறுத்திட்டு இறங்கி கோப்பி குடிச்சிட்டு திரும்பி வந்தா பஸ்ஸ காணோம். எனக்கு அடி வயிறு கலங்கிடுச்சு. பஸ் நிறுத்துன எடத்துலயேதான் இருக்கு, நான்தான் வேற பெர்த்துல நின்னு தேடிட்டிருக்கேன். அன்னிக்கு ரெண்டு வாரமா நாளுக்கு நாலரை மணி நேர தூக்கம். ஒரு ட்ரெய்னிங்ல சொன்னாங்க, 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தா கை, கண்ணு வேகமெல்லாம் ரத்தத்துல 0.05 சதவீதம் சாராயம் ஏறுன ஆள் மாதிரி ஆயிடுமாம், ஆஸ்திரேலியாவுல 1997லயே சோதிச்சுப் பாத்துட்டாங்க. நீங்க அஞ்சே முக்கால்லருந்து ஒன்னே கால் வரைக்கும் முழிச்சிருக்கீங்க, கணக்கு போட்டா பத்தொம்போதரை மணி நேரம். அந்த ராத்திரி பதினொன்னரைக்கு உங்கள யாரும் வண்டி ஓட்ட விடக்கூடாது, ஆனா வீட்ட ஓட்டிட்டிருக்கீங்க.

அப்புறம் அந்த ஆறு மணி கோப்பி. முழிச்சிருக்க இருக்க மூளையில அடினோசின்னு ஒன்னு சேந்துட்டே வரும், அதுதான் "போய்ப் படு"ன்னு சொல்லும். காஃபின் என்ன செய்யும்னா அது உக்கார வேண்டிய நாற்காலியில இது போய் உக்காந்துக்கும். அடினோசின் எங்கயும் போகல, வெளிய நின்னுட்டிருக்கு, அவ்ளோதான். ஆறு மணிக்கு குடிச்சதுல பாதி, பதினொரு மணிக்கும் உடம்புல சுத்திட்டிருக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். நம்ம கோப்பிக்கடை கோப்பி வேற பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டை, அதுல காஃபின் அரபிகாவ விட ரெண்டு மடங்கு. நான் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல தொடறதில்ல, வேணும்னா வெறும் பார்லி தண்ணி.

இன்னொன்னு, இது நம்ம ஊருக்குன்னே உள்ள பிரச்சினை. 1982 ஜனவரி 1லருந்து நம்ம கடிகாரம் அரை மணி நேரம் முன்னாடி நகந்துச்சு, மலேசியா மாத்துச்சு, நம்மளும் கூட மாத்துனோம். சூரியன் கணக்குக்கு நம்ம கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுது, உச்சி வெயிலே மத்தியானம் ஒரு மணிக்குதான். விடியறது ஏழு மணி வாக்குல. அதனால அஞ்சே முக்கால்னு நீங்க எந்திரிக்கிறது சூரியன் கணக்குல நாலே முக்கால். காலையில கண்ணுல வெளிச்சம் பட்டாதான் மூளைக்குள்ள இருக்கிற கடிகாரம் நாள் ஆரம்பிச்சிடுச்சுன்னு எடுத்துக்கும். நம்ம புள்ளைங்க இருட்டுல கெளம்பி ஏர்கான் ரூம்ல போய் உக்காருதுங்க. ஏழரைக்கு மேல பத்து நிமிஷம் கீழ இறங்கி நில்லுங்க, மழை மேகமா இருந்தாலும் பரவால்ல, வெளி வெளிச்சம் ஆபீஸ் லைட்ட விட பல மடங்கு.

தூங்குறப்பதான் மூளை தன்ன தானே கழுவிக்குமாம், ஒரு வீடியோவுல பாத்தேன். பஸ்ஸ டிப்போவுல கழுவுற மாதிரி. சரி எனக்கு பஸ் எடுக்க நேரமாச்சு.

தாதி_பழசு (காலை 9:15)

நான் தாதி, 28 வருஷ சர்வீஸ், எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. உங்கள நேர்ல பாக்காம எதுவும் முடிவா சொல்ல முடியாது மா, ஆனா ரெண்டு மூனு விஷயம் சொல்லலாம்.

மறதின்னு நீ சொல்றதுல பாதி மறதியே இல்ல. கொத்தமல்லி வாங்குறப்ப உன் காதுல இயர்போன், கையில போன், மனசுல ஆபீஸ் கணக்கு, சரியா? அப்ப வாங்குன விஷயம் மூளைக்குள்ள போகவே இல்ல. உள்ள போடாத சாமான டிராயர்ல தேடுனா எப்படி கெடைக்கும். ரசமும் அதேதான். பழைய மாடி நம்பர் இருக்கே, அது விரல் பழக்கம், யோசிக்காம வர்றது, மூளை அசதியா இருந்தா பழைய பழக்கந்தான் முன்னாடி வந்து நிக்கும். நாங்க கவலைப்படறது வேற மாதிரி: சாவிய எங்க வச்சேன்னு தேடுறது சகஜம், சாவி எதுக்குன்னே தெரியாம முழிச்சா அது வேற. ரசம் வைக்கிற முறையே குழம்பிப் போறது, தினம் போற வழியில தொலைஞ்சு போறது, அதே கேள்விய பத்து நிமிஷத்துல நாலு தடவை கேட்டுட்டு கேட்டதே தெரியாம இருக்கிறது. முக்கியமா அந்த மாதிரி ஆளுங்க பெரும்பாலும் இப்படி ஃபோரம்ல வந்து எழுத மாட்டாங்க, வீட்டுல உள்ளவங்கதான் பதறுவாங்க.

ஆனா அதுக்காக டாக்டர்கிட்ட போகாம இருக்காதே. ஒன்னு கேக்குறேன், சர்க்கரை இருக்கா? மெட்ஃபார்மின் எடுக்கறியா? சைவமா? வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் போட்டா வைட்டமின் பி12 கொறயும், பி12 கறி மீன் முட்டை பால்லதான் இருக்கு, கீரையில எவ்வளவு தேடுனாலும் கெடையாது. அது கொறஞ்சா மறதி, எரிச்சல், மனசு சோர்வு, கால் விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி, எல்லாம் வரும். நம்ம ஆளுங்கள்ல இது நெறய பாத்திருக்கேன். தைராய்டும் இதே வேலைய காட்டும். ரெண்டுமே ரத்தத்துல பாத்துடலாம். உங்க வீட்டுக்காரர்ட்ட நீ குறட்டை விடறியான்னும் கேளு, குறட்டை விட்டு நடுவுல மூச்சு நிக்குதுன்னா எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்குன கணக்கு இல்ல.

கண்ணு கலங்குறத பத்தி. கனவு வர்ற தூக்கம் இருக்குல்ல, ஆர்ஈஎம், அது ராத்திரியோட கடைசி பகுதியிலதான் ஜாஸ்தி வரும், நாலரை மணி நேரத்துல அலாரம் வச்சா அதத்தான் வெட்டுற. அன்னன்னிக்கு மனசுல பட்டத ஆற வைக்கிறதுல அதுக்கு பங்கு இருக்குன்னு சொல்லுவாங்க. அதனால பென்சில் பெரிய விஷயமா தெரியும். ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் மனசு கனமா இருக்கு, பிடிச்சது எதுவும் பிடிக்கலன்னா அது மனச்சோர்வா இருக்கலாம், அதுவே ஞாபகத்தையும் கெடுக்கும். பேசணும்னா 1771க்கு போன் போடு, மனநல உதவி லைன், 24 மணி நேரமும் இருக்காங்க. உசுர விட்டுடலாம்னு ஒரு நொடி தோணுனாலும் 1767, எஸ்ஓஎஸ்னு தற்கொலை தடுக்கிற அமைப்பு, யோசிக்காம கூப்பிடு. மனநல ஆஸ்பத்திரி ஐஎம்எச்னு பேர கேட்டாலே நம்ம பெரியவங்க "உட்பிரிட்ஜா"ன்னு முகம் சுளிப்பாங்க. அந்த பழைய பேர் போயி 30 வருஷத்துக்கு மேல ஆச்சு, 1993ல புவாங்கோக்குக்கு மாறுனப்பவே பேரும் மாறிடுச்சு, நம்ம வாயிலதான் இன்னும் இருக்கு.

பன்னெண்டாவது_மாடி (காலை 10:02)

அக்கா, மெட்ஃபார்மின் அஞ்சு வருஷமா. சின்னவ வயித்துல இருக்கப்ப வந்த சர்க்கரை, போச்சுன்னு நெனச்சேன், திரும்பி வந்துடுச்சு. பொறந்ததுலருந்து சைவம், பாலும் கோப்பியில ஊத்துறதோட சரி. கால் விரல் விஷயம் எப்படி தெரியும் உங்களுக்கு? செருப்பு மாத்தணும் போலன்னு நெனச்சிட்டிருந்தேன்.

எல்லாத்துக்கும்_சந்தேகம் (மத்தியானம் 12:40)

சாப்பாட்டு நேரத்துல ஒரு ரவுண்டு பாத்துட்டு போகலாம்னு வந்தேன்.

அந்த ஃபார்வேர்ட் எனக்கும் வந்திருக்கு, வருஷா வருஷம் வரும், தீபாவளி மாதிரி. போர்வை விஷயம் கைக்குழந்தைக்கு நிஜமாவே ஆபத்து, பெரியவங்களுக்கு உள்ள காத்து கொஞ்சம் பழசாகி தூக்கம் சுகமா இருக்காது, அதுக்கு மேல மூளை அழியறதெல்லாம் கெடையாது. காலை சாப்பாடு விட்டா மூளை பட்டினி கெடக்காது, உடம்பு எடையில 2 சதவீதம் இருக்கிற மூளை 20 சதவீத சக்திய சாப்பிடுதுங்கிறது உண்மை, அதுக்குத்தான் கல்லீரல் ராத்திரி பூரா சர்க்கரைய எடுத்து குடுத்துட்டிருக்கு. நீங்க சர்க்கரை மாத்திரை எடுக்கறதால மட்டும் சாப்பாட்டு நேரத்த டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. ஆனா புகை, காத்து மாசு, ஆளுங்களோட பழகாம இருக்கிறது, இந்த மூனும் நெஜம். 2024ல லான்செட்ங்கிற மருத்துவ இதழோட கமிஷன் 14 விஷயம் சொன்னாங்க, எல்லாத்தையும் சரி பண்ணா உலகத்துல டிமென்ஷியா கேஸ்ல கிட்டத்தட்ட 45 சதவீதத்த தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும்னு. அதுல பிரஷர், சர்க்கரை, கெட்ட கொலஸ்ட்ரால், காது கேக்காதது, கண்ணு தெரியாதது எல்லாம் வருது. உங்களுக்கு சர்க்கரை இருக்குன்னா போர்வைய விடுங்க, அத பாருங்க.

பஸ் அண்ணே, மூளை கழுவுற கதை 2013ல எலிய வச்சு வந்தது. 2024ல லண்டன்ல வேற ஒரு டீம் எலியிலயே பாத்துட்டு தூங்குறப்ப கழுவுறது கூடல, கொறயுதுன்னு எழுதிட்டாங்க. சண்டை இன்னும் ஓடுது. தூக்கம் வேணும்ங்கிறதுல சண்டை இல்ல, டிப்போ உதாரணம் மட்டும் கொஞ்சம் வெயிட் பண்ணட்டும்.

ரீல்ஸ் பத்தி திட்ட மாட்டேன், நானும் பாக்குறவன்தான். "டோபமின் டீடாக்ஸ்"னு யாராவது வித்தா மட்டும் வாங்காதீங்க, டோபமின் விஷம் இல்ல கழுவி எடுக்க, அத சுரக்கிற செல்லெல்லாம் செத்துப் போறதுதான் பார்க்கின்சன் நோய். அது இன்பத்துக்கான சாமான்னு சொல்றதே பாதிதான் சரி. நெனச்சத விட நல்லதா ஏதாவது வந்தா அது துள்ளும், அதனால அடுத்து என்ன வரும்னு தெரியாம இருக்கிறதுலதான் பிடியே இருக்கு. பத்து ரீல்ல எட்டு குப்பை, ஒம்போதாவது நல்லா இருக்கும், விரல் நிக்காது. ஜாக்பாட் மெஷின் மாதிரி. எல்லா ரீலும் நல்லா இருந்தா கால் மணி நேரத்துல போர் அடிச்சு தூங்கிடுவீங்க.

நான் ஒன்னே ஒன்னு செஞ்சேன். போன் சார்ஜர பெட்ரூம்லருந்து எடுத்து ரைஸ் குக்கர் பக்கத்துல சொருகிட்டேன். முதல் வாரம் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு, ராத்திரி கிச்சன்ல நின்னுட்டே பாத்தேன், கால் வலிச்சதும் போய்ப் படுத்தேன். 21 நாள்ல பழக்கம் வந்துடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, 2010ல லண்டன்ல 96 பேர வச்சு பாத்தப்ப நடு கணக்கு 66 நாள் வந்துச்சு, ஒருத்தருக்கு 18, ஒருத்தருக்கு 254 வரைக்கும். நடுவுல ஒரு நாள் விட்டா பெருசா ஒன்னும் கெடலன்னும் அதே ஆராய்ச்சியில இருக்கு, எனக்கு அதுதான் பிடிச்சுது.

என்எஸ்_பையன் (மத்தியானம் 1:15)

என்எஸ்ல, அதான் கட்டாய ராணுவ சேவையில, கேம்ப்ல போன் பூட்டி வச்ச வாரம் நான் நல்லா தூங்குனேன் ஆன்ட்டி. ஆனா அத எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க.

கோப்பிஓ_கோசோங் (சாயங்காலம் 7:30)

தூக்கம், போன் எல்லாத்தையும் எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் எங்க அப்பாவ பத்தி சொல்றேன்.

அம்மா தவறுன பிறகு அப்பா தோ பாயோ வீட்ல தனியா. புளோக்குக்கு கீழ திறந்த தளத்துல, வாய்ட் டெக்குல, தினமும் டாம்னு கட்டத்துல காய் நகத்துற ஆட்டம் ஆடுவாரு, ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர், இவரு, மூனு பேரும் பசார் மலாய்ல, அதான் சந்தை மலாய்ல, திட்டிக்கிட்டே ஆடுவாங்க. அப்புறம் மெல்ல மெல்ல இறங்கறத நிறுத்திட்டாரு. கேட்டா முட்டி வலின்னாரு. வீட்டுக்கு போனா டிவி சத்தம் காதை கிழிக்கும், நாம பேசுறதுக்கு சம்பந்தமில்லாம பதில் சொல்லுவாரு, சாப்பிட்டத மறந்துட்டு மறுபடி சாப்பிடுவாரு. எங்க அண்ணன் முடிவே பண்ணிட்டான் டிமென்ஷியான்னு. ஒரு கிளினிக்ல காதைக்கூட பாக்காம "வயசாச்சு, அப்படித்தான்"னு அனுப்பிட்டாங்க. அப்புறம் வேற எடத்துல காட்டுனா ரெண்டு காதும் பாதிக்கு மேல கேக்கல. முட்டி வலியெல்லாம் சாக்கு. டாம் ஆடுறப்ப மத்தவங்க சொல்றது கேக்காம, எல்லாரும் சிரிக்கிறப்ப இவருக்கு மட்டும் ஏன்னு புரியாம, வெக்கமா போயி இறங்கறத விட்டுருக்காரு.

காது மெஷின் மாட்டவே மூனு மாசம் சண்டை. மாட்டுன முதல் நாள் ஃபேன் சத்தத்த கேட்டுட்டு "இது எப்பலருந்து இப்படி கத்துது"ன்னு கேட்டாரு. அந்த ஃபேன் பத்து வருஷமா அப்படித்தான் கத்துது. இப்ப மறுபடி கீழ போறாரு. மறதி முழுசா போகல, 78 வயசு, ஆனா ரெண்டு தடவை சாப்பிடறது நின்னுடுச்சு.

தமிழோட பசார் மலாயும் பேசுறது வீண் போகல போல. 2013ல ஹைதராபாத்ல 648 டிமென்ஷியா நோயாளிங்கள பாத்து எழுதுனாங்க, ரெண்டு பாஷை பேசுறவங்களுக்கு நாலரை வருஷம் லேட்டா வந்திருக்கு, படிக்கத் தெரியாதவங்களுக்கும் அப்படித்தான். வேற சில ஊர் ஆராய்ச்சியில இந்த அளவுக்கு வரல. இருந்தாலும் பசங்ககிட்ட தமிழ்ல பேசுங்கன்னு சொல்ல எனக்கு ஒரு சாக்கு கெடச்சுது.

நடக்கறதும் வேணும் மா. 2011ல அமெரிக்காவுல 120 பெரியவங்கள ரெண்டா பிரிச்சு, பாதி பேர வாரம் மூனு நாள் 40 நிமிஷம் ஒரு வருஷம் நடக்க வச்சாங்க, ஹிப்போகேம்பஸ்னு ஞாபகத்துக்குன்னு இருக்கிற பகுதி 2 சதவீதம் பெருசாச்சு. கை கால மட்டும் நீட்டி மடக்குனவங்களுக்கு அது சுருங்கிடுச்சு. செங்காங்ல உங்களுக்கு பொங்கோல் ஆத்தோரமா பார்க் கனெக்டர் நடைபாதை இருக்கே, காசா பணமா.

பன்னெண்டாவது_மாடி (மூனு வாரம் கழிச்சு, ராத்திரி 10:20)

நேரத்த பாத்தீங்களா பஸ் அண்ணே.

பாலிகிளினிக், அரசாங்க கிளினிக், போயிட்டு வந்தேன். தைராய்டு சரியா இருக்கு. பி12 கொறச்சல், மாத்திரை குடுத்திருக்காங்க, மூனு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கணும். டாக்டர் சின்னப் பொண்ணு, பொறுமையா கேட்டுச்சு, பி12 மட்டுமே எல்லாத்துக்கும் காரணம்னு சொல்ல முடியாது, நாலரை மணி நேரம் தூங்குனா யாருக்கா இருந்தாலும் வார்த்தை வராதுன்னு சொல்லுச்சு. மனசு விஷயமும் கேட்டு ஒரு பேப்பர்ல கேள்வியெல்லாம் போட்டுப் பாத்துச்சு, கவுன்சிலர பாக்க நாள் குடுத்திருக்காங்க. வீட்டுக்காரர்ட்ட இன்னும் சொல்லல. சொல்லணும்.

சார்ஜர கிச்சனுக்கு மாத்துனேன், சந்தேகம் தம்பி சொன்ன மாதிரியே நின்னுட்டே பாத்தேன். மூனு வாரத்துல நாலு ராத்திரி தோத்துட்டேன். மத்த நாள் பன்னெண்டுக்குள்ள படுத்துடுறேன், ஆனா எனக்குன்னு நேரம் இல்லங்கிற குறை அப்படியே இருக்கு, அதுக்கு இன்னும் வழி தெரியல. இப்போதைக்கு சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம் யாரும் என்ன கூப்பிடக்கூடாதுன்னு சொல்லிட்டு ஆத்தோரமா நடக்கப் போறேன். முதல் வாரம் ஒரு மணி நேரத்துல ஆறு கால் வந்துச்சு, "அம்மா என் பிஇ டீ ஷர்ட் எங்க". கோப்பி மூனாயிடுச்சு, ஆறு மணி கோப்பிய விட்ட முதல் நாலு நாள் தலைவலி தாங்கல.

ரசம் இப்பவும் பயந்து பயந்துதான் வைக்கிறேன், டைமர கழுத்துல மாட்டிக்கிட்டு.

கோப்பிஓ அண்ணே, உங்க அப்பா கதைய படிச்சிட்டு எங்க மாமனார உத்துப் பாத்தேன். அவரும் வலது காத திருப்பித் திருப்பி வச்சுதான் கேக்குறாரு, நாங்க பிடிவாதம்னு நெனச்சிட்டிருந்தோம். மெஷின் வெலை எவ்வளவு ஆச்சு, மானியம் ஏதாவது கெடச்சுதா? மாட்ட மாட்டேன்னு சொன்னா என்ன செஞ்சீங்க?

கோப்பிஓ_கோசோங் (ராத்திரி 10:41)

ஏஐசினு பராமரிப்பு உதவி அமைப்பு மூலமா மூத்தவங்களுக்கு மானியம் இருக்கு மா, 60 வயசுக்கு மேல இருக்கணும், வீட்டு வருமானத்த பொறுத்து எவ்வளவுன்னு சொல்லுவாங்க. ஆனா மொதல்ல காது டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுக்க சொல்லுங்க, அதுக்கு பாலிகிளினிக்கே போதும். மாட்ட வச்சது நாங்க இல்ல. அந்த சீன அங்கிள்தான். அவரே ஒரு மெஷின் போட்டிருந்தாரு, கீழ கூட்டிட்டுப் போயி கழட்டிக் காட்டுனாரு.